கல்யாணப் பாடத்திட்டம், திருத்தியது

கல்யாணம் ஆகாத ஒருத்தியைக் கூப்பிட்டு, கல்யாணம் ஆகப் போகிறவர்களுக்குப் பாடத்திட்டம் எழுதித் தரச் சொன்ன பெருமை எங்கள் பீடோங் கோயில் நிர்வாகத்தையே சேரும். அந்த ஒருத்தி நான்தான். பிரேமலா, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, நாற்பதைத் தாண்டியவள். ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதிலை அச்சில் போட முடியாது.

யோசனை கோயில் தலைவர் சதாசிவத்துடையது. பசார் எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் கடையில் வேலை செய்யும் மலாய்ப் பையன், கல்யாணத்துக்கு முன்னால் குர்சுஸ் என்கிற கல்யாணப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பி வந்ததைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அவங்களுக்கு சிஜில் இருக்கு டீச்சர். நமக்கு என்னா இருக்கு? வீடியோவும் டிஜேயும்தான் இருக்கு,” என்றார்.

“எனக்குக் கல்யாணமே ஆவலையே அண்ணே.”

“அதனாலதான் லா. உங்களுக்குத்தானே டைம் இருக்கு.”

அன்றைக்கே பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் பாடத்திட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை பரபரக்கும். மேலிருந்து வரும் பாடத்திட்டங்களை வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டே நடத்தியவள் நான். ஒருமுறையாவது நானே ஒன்றை எழுதி, அதை மற்றவர்கள் திட்டிக்கொண்டே நடத்துவதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

நிர்வாகம் தீர்மானம் போட்டது. இனிமேல் கோயில் மண்டபத்தில் கல்யாணம் வைக்கிற ஜோடிகள் ஒருநாள் பயிற்சிக்கு வந்தே ஆகவேண்டும். வராதவர்களுக்கு மண்டபம் கிடையாது. முதல் அணியிலேயே சதாசிவத்தின் மகள் சாந்தினியும், அவளுக்குப் பார்த்திருந்த மெர்போக் ஊர் மாப்பிள்ளை விக்னேஸ்வரனும் இருந்தார்கள். முதல் சான்றிதழ் தன் மகளுக்குத்தான் என்று, பருப்பு நிறுக்கும்போதும் புளி நிறுக்கும்போதும் சதாசிவம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பள்ளி விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். கற்றல் நோக்கம், வெற்றிக் கூறுகள், குழு நடவடிக்கை எல்லாம் முறைப்படி போட்டேன். கோபம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பகுதி. படுக்கையறை பற்றி ஒரு பகுதி. அதைக் கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருக்கும் ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதினேன், கற்பனையில் எழுதவில்லை. மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ‘இதுவரை சொல்லாமல் விட்டது’ என்று தலைப்பு. ஜோடி எதிரெதிரே உட்கார வேண்டும். ‘கல்யாணத்துக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கிறதா’ என்று ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். பதில் வரும்போது குறுக்கே பேசக்கூடாது. அவ்வளவுதான் அந்தப் பாடம். கடைசியாக, மாலை மாற்றுவது, மேடையில் நிற்பது, படத்துக்குச் சிரிப்பது என்று ஒரு குட்டிப் பகுதியை ஒட்டினேன். நிர்வாகத்தில் இருக்கும் மூன்று ஆண்களுக்கும் புரிகிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டுமே.

எந்தப் பாடத்திட்டத்தையும் நடத்துவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அங்கேதான் நான் வகையாக மாட்டிக்கொண்டேன். “வீட்டுல அண்ணிங்ககிட்ட கேட்டுப் பாருங்க” என்று மூவரிடமும் ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்தனுப்பினேன்.

பொருளாளர் காளிதாசன், செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்கு முதலாளி. அவருக்குப் போனது கோபம். ‘என்னுடைய எந்தப் பேச்சு உன்னை அதிகமாகப் புண்படுத்தியது’ என்பது அதில் ஒரு கேள்வி. ‘அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ என்ற பதிலை எதிர்பார்த்துக்கொண்டு மனைவியிடம் கேட்டிருக்கிறார். அண்ணி எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாராம். அன்றைக்கு அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு இல்லை.

“இந்தப் பகுதி ரொம்ப நீளமா இருக்கு டீச்சர். கல்யாணம் மங்களமான காரியம். அதுல கோவத்தப் பத்தி எதுக்குப் பேசணும்?” என்று அடுத்த கூட்டத்தில் கேட்டார். கோபத்தைத் தூக்கினார்கள்.

செயலாளர் மணியம், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். படுக்கையறைப் பகுதியைக் கையில் வாங்கவே அவருக்குக் கூச்சம். யார் கண்ணிலும் படாமல் இருக்கத் தமிழ்ப் பத்திரிகைக்குள் மடித்து வைத்து எடுத்துப் போனார். அந்த வீட்டில் பத்திரிகை படிக்கிற ஆள் அவர் மனைவி காளியம்மாதான் என்பது மனிதருக்கு நினைவே வரவில்லை.

“டீச்சர், அவ என்கிட்ட சந்தேகம் கேக்குறா,” என்றார் கறுத்த முகத்தோடு.

“நல்லதுதானே அண்ணே.”

“என்னா நல்லது? பேரன் பேத்தி எடுத்தப்புறம் கேக்குற சந்தேகமா அது? எனக்கே தெரியல. நான் எங்க போயி கேப்பேன்?”

அதையும் தூக்கினார்கள். அதற்குப் பதிலாக, ஐயர் ஒருவரைக் கூப்பிட்டுப் பத்துப் பொருத்தம் பற்றிப் பேச வைப்பது என்று முடிவானது. நிச்சயம் ஆகி, பத்திரிகையும் அடித்துவிட்டவர்களுக்குப் பொருத்தம் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். மூவரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கல்யாணம் ஆகாதவளுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

சதாசிவத்திடம் போனது மூன்றாவது பகுதி. அவர் அதை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. கடையில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து படித்து, அங்கேயே முடிவு பண்ணிவிட்டார்.

“இது வேணாம் டீச்சர். ஒண்ண சொல்லாம வச்சிருக்கோம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்.”

“வேற எத வேணா எடுங்க அண்ணே. இது இருக்கட்டும். கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்.”

“அந்த ஒண்ணுதான் வேணாங்குறேன்.”

மூவரும் கை தூக்கினார்கள். எனக்கும் கை இருந்தது, ஓட்டுத்தான் இல்லை.

மறுநாள் சாயங்காலம் சதாசிவத்தின் மனைவி சந்திரா அக்கா என் வீட்டுக்கு மோட்டாரில் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அந்தக் கேள்வி இருக்கா, எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க அக்கா.”

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

சாந்தினி அரசாங்க மருத்துவமனையில் தாதி. சிறுநீரக நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்கான மேல்பயிற்சிக்கு அவள் விண்ணப்பித்து, இடம் கிடைத்திருந்தது. ஈப்போவில் ஒரு வருடம். கல்யாணம் முடிந்த கையோடு கிளம்ப வேண்டும். இது மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் தெரியாது.

“தெரிஞ்சா வேணாம்னுடுவாங்கன்னு இவரு பயப்படுறாரு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்ங்குறாரு. நானே சொல்லிடுறேம்பான்னு புள்ள சொன்னா. அவ்ளோதான், சோறு தண்ணியில்லாம படுத்துக்கிட்டாரு. அவ தானா வாயத் தொறக்க மாட்டேன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணப்புறம்தான் எந்திரிச்சாரு.”

“நீங்க சொல்லிடலாமே.”

“நான் சொன்னா மறுபடியும் படுத்துக்குவாரு. கட்டுனதுலேருந்து இவரு படுக்குறதப் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிடுச்சு டீச்சர்.”

“சாந்தினி என்னா சொல்றா?”

“மாப்புள கேட்டா மறைக்க மாட்டேன், நானா சொல்லவும் மாட்டேன், அதுதான் சத்தியம்ங்குறா. அவரு எங்க கேக்குறாரு? போன் போட்டா, சாப்டியா தூங்குனியா, அதோட சரி. கடையில இவரு வச்சிருந்த தாளப் பாத்துட்டு, உங்க பாடத்துல இப்படி ஒரு கேள்வி வருதுன்னு அவகிட்ட சொன்னேன். புள்ள மொகத்துல அன்னிக்குத்தான் ரத்தமே ஓடுச்சு.”

உயிரைக் காப்பாற்றுகிற வேலை பார்க்கும் பெண், தன் வேலையைப் பற்றித் தானே பேச முடியாமல், நான் எழுதிய ஒரு வரியை நம்பிக்கொண்டு இருக்கிறாள். அந்த வரியையும் அவள் அப்பாவே வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து அடித்துவிட்டார். கோபத்தை அடக்குவது எப்படி என்று நானே எழுதியிருந்த பகுதியை எடுத்துப் படித்துப் பார்த்தேன். சுத்த மோசமான பகுதி. காளிதாசன் தூக்கியதில் தப்பே இல்லை.

பயிற்சி நாள் வந்தது. எடுத்த பகுதிகளின் நேரத்தையெல்லாம் சாப்பாட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். வந்ததும் மீகூன் கோரிங். ஐயர் பேச்சு. பிறகு வடையும் தேநீரும். பிறகு மாலை மாற்றும் பயிற்சி. பிறகு வாழையிலைச் சாப்பாடு. சான்றிதழ், படம். மண்டபத்தின் குறுக்கே கட்டியிருந்த பதாகையில் ‘மேம்படுத்தப்பட்ட பாடத்திட்டம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஜோடிகளைவிட அவர்களோடு வந்த அப்பா அம்மாக்கள் அதிகம். மெர்போக்கிலிருந்து விக்னேஸ்வரன் மட்டும் தனியாக வந்திருந்தான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றான்.

ஒத்திகைக்கு நிஜ மாலையைத் தொட்டால் அபசகுனம் என்று மணியம் சொல்லிவிட்டார். அதனால் காளிதாசன் தன் லோரிக்காரர்களுக்காக வாங்கி வைத்திருந்த குட்மார்னிங் துண்டுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைத் துண்டு, ஓரத்தில் சிவப்பு எழுத்து. அதைத்தான் மணமக்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

“மொதல்ல நம்ம ஜோடி ஏறட்டும் டீச்சர்,” என்றார் சதாசிவம் முன்வரிசையில் இருந்து.

சாந்தினியும் விக்னேஸ்வரனும் மேடை ஏறினார்கள். சாந்தினி துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாருக்கோ கட்டுப் போடப் போகிறவள் மாதிரி நின்றாள். மைக் என் கையில் இருந்தது. கேள்வியைத் தூக்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் படத்துக்குச் சிரிப்பதை யாரும் தூக்கவில்லை. மூன்று கையும் உயர்ந்து நிறைவேறிய பாடம் அது.

“மாப்புள, மாலை போடுறதுக்கு முன்னாடி பொண்ணு மொகத்தப் பாக்கணும். பாருங்க. சிரிப்பு இருக்கா?”

விக்னேஸ்வரன் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பையன். குனிந்து நன்றாகப் பார்த்தான். “இல்ல டீச்சர்.”

“இல்லன்னா ஏன்னு கேக்கணும். இதுவும் பாடந்தான். கேளுங்க.”

மைக்கை அவனிடம் நீட்டினேன். முன்வரிசையில் சதாசிவத்தின் கையிலிருந்த வடை பாதி வழியில் நின்றது.

“ஏன் சாந்தினி, சிரிக்க மாட்டேங்குற?” என்று கேட்டான் விக்னேஸ்வரன்.

சாந்தினி அப்பாவைப் பார்த்தாள். “நானா சொல்லலப்பா. அவரு கேக்குறாரு,” என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். “ஜனவரியில நான் ஈப்போ போறேன். ஒரு வருஷம். கிட்னி பேஷண்டுகளப் பாக்குற குர்சுஸ். ரொம்ப நாளா காத்திருந்து கெடைச்சது, விட மாட்டேன். உங்ககிட்ட யாரும் சொல்லலன்னு தெரியும். மன்னிச்சிக்குங்க.”

விக்னேஸ்வரனுக்குக் கோபம் வரவில்லை. குழப்பந்தான் வந்தது. “குர்சுஸா? நீ வேலையவே விடுறதாத்தானே பேச்சு?”

“யாரு பேசுனா?”

“உங்கப்பாதான். கல்யாணம் ஆனதும் வேலைய விட்டுடுவா, வீட்டோட இருந்து அம்மாவப் பாத்துக்குவான்னு சொன்னாரு. அம்மாவுக்கு இனிப்பு நீரு, கால்ல புண்ணு. டிரஸ்ஸிங் பண்ண ஆளில்ல. நர்ஸ் பொண்ணுன்னுதானே நாங்க கேட்டு வந்தோம்.”

மைக் வழியாக இதெல்லாம் மண்டபம் முழுக்கக் கேட்டது. சமையல்கட்டில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வெளியே வந்து நின்றார்கள். எனக்கும் இது புதிது. மனிதர் ஒரு பயிற்சியை மறைத்தார் என்றுதான் நினைத்திருந்தேன். மகளின் வேலையையே எடுத்துச் சீர்வரிசையாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் எழுதிய அந்த ஒற்றைக் கேள்வியை எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய ஆள் முன்வரிசையில் வடையோடு உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சதாசிவம் எழுந்தார். “டீச்சர், மைக்க ஆஃப் பண்ணுங்க.”

“எதுக்கு ஆஃப் பண்ணணும்?” பெண்கள் வரிசையிலிருந்து சந்திரா அக்கா கேட்டார். அவர் அத்தனை பேர் முன்னால் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. “வாக்கு குடுத்தவரு இந்தா நிக்கிறாரு. மாப்புள, இவரக் கூட்டிட்டுப் போங்க. உங்கம்மாவ நல்லாப் பாத்துக்குவாரு. கடைய நான் பாத்துக்குறேன்.”

காளியம்மா சிரித்தார். அதைப் பார்த்துப் பின்வரிசையும் சிரித்தது. சதாசிவம் உட்கார்ந்துவிட்டார்.

சாந்தினி சிரிக்கவில்லை. “அப்ப உங்களுக்கு வேணுங்குறது மிஸ்ஸி. பொண்டாட்டி இல்ல,” என்றாள். “வீட்டுக்கே வந்து டிரஸ்ஸிங் பண்றவங்க இருக்காங்க. நம்பர் அனுப்புறேன். அம்மா கால அப்படியே விட்டுடாதீங்க. இந்த வாரமே காட்டுங்க.”

“நான் ஒரு வருஷம் காத்திருக்கலாம். ஆனா அம்மா...” என்று ஆரம்பித்தான் விக்னேஸ்வரன்.

அவன் முடிப்பான் என்று சாந்தினி காத்திருந்தாள். மண்டபமே காத்திருந்தது. பாவம், அவனால் அந்த வாக்கியத்தை எந்தப் பக்கமும் கொண்டுபோய் முடிக்க முடியவில்லை. அவள் துண்டை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்த ஜோடியைக் கூப்பிட்டேன். ஒருவரும் ஏறவில்லை. எல்லா ஜோடியும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முகத்துக்கு முகம் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயர் மட்டும் சாப்பாடு எப்போது என்று விசாரித்தார்.

கல்யாணம் நின்றது. சாந்தினி ஜனவரியில் ஈப்போ போனாள். பசாரில் எதிர்ப்பட்டவர்களில் பாதிப் பேர் என்னைக் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்றார்கள். மீதிப் பேர் அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டார்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் காளிதாசன் நேராகவே ஆரம்பித்தார். “மொத குர்சுஸுலயே ஒரு கல்யாணம் நின்னுபோச்சு. பாடத்திட்டம் ஃபெயிலு. நிறுத்திடலாம்.”

“நூத்துக்கு நூறு பாஸு. நிக்க வேண்டியதுதான் நின்னுருக்கு,” என்றேன்.

“கல்யாணம் ஆவாதவங்க அப்படித்தான் சொல்லுவீங்க.”

“ஆனவங்க வீட்டுல டிவிய அணைச்சா என்னா நடக்குதுன்னு எனக்கும் தெரியும் அண்ணே.”

மணியம் இரண்டு பேரையும் அடக்கிவிட்டுத் தலைவரைப் பார்த்தார். சதாசிவம் இளைத்திருந்தார், சட்டை தோளில் தொங்கியது. தீர்மானத்தை அவரே கிழித்துப் போடுவார், நான் எழுந்து போகலாம் என்று கைப்பையைத் தயாராக எடுத்து மடியில் வைத்திருந்தேன்.

“அந்தக் கேள்விய மறுபடியும் போடுங்க டீச்சர்,” என்றார். “ஆனா அது பத்தாது. பொண்ணு எதிர்ல அப்பன உக்கார வைங்க. என்னப் பத்தி அந்த வீட்டுல என்னா பேசிட்டு வந்தீங்கன்னு அவ கேக்கட்டும். அவன் பதில் சொல்லட்டும்.”

“எந்த அப்பன் வந்து உக்காருவான்?” என்றார் காளிதாசன்.

“வரலன்னா மண்டபம் கெடையாது.”

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பேரம் பேசிவிட்டு வந்த ஆளுக்காக நான் ஏன் உருக வேண்டும்? ஆனால் உருகத்தான் செய்தேன். “சாந்தினி நல்லா இருக்காளா அண்ணே?” என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கெழமை போன் போடுறா. அவ அம்மாவுக்கு. நான் பக்கத்து நாக்காலியிலதான் இருக்கேன்.” தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு சொன்னார். “எப்படி இருக்கான்னு கேளுன்னு சந்திராகிட்ட சொல்றேன். நீங்களே கேளுங்கன்னு போன நீட்டுறா. எனக்குக் கேக்க வாய் வரல டீச்சர்.”